எட்டாவது நாள்தான் லீவின் உச்சம்... தெரியுமா?

எண்ணூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சாம்பல், டிரெய்லர் லாரி, புகைபோக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் நீளமான ரோடு. சரி, இப்போது மூக்கிலிருந்து கையை எடுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் துரைமார்கள் நல்ல காற்று வாங்கப் போன இடம் எது தெரியுமா? இதே எண்ணூர்!

கிழக்கே கடல், மேற்கே காயல், நடுவே மெல்லிசான மணல் திட்டு. அங்கே பங்களா கட்டிக்கொண்டு, காயலில் படகு விட்டு, மீன் பிடித்து ஓய்வெடுத்திருக்கிறார்கள் துரைகள். மதராஸிலிருந்து எண்ணூர் வரை 1806-லேயே கால்வாய் வெட்டி முடித்தாகிவிட்டது. பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வாங்கியதன் முதல் துண்டு அதுதான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டைமாடியில் காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்து உதறினால் தும்மல் வரும் ஊர் எங்கள் ஊர். இங்கே வந்தா ஒருத்தன் உடம்பைத் தேற்றிக்கொண்டு போனான்?

ஆச்சரியம் அதோடு முடியவில்லை. ஊர் உலகம் லீவில் சுற்றிப் பார்க்கத் தேவையானதை எல்லாம் செய்து கொடுப்பதே வடசென்னைதான், யோசித்திருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது ராயபுரத்திலிருந்து. போன இடம் வாலாஜா ரோடு. இந்தியாவில் இன்னும் நிமிர்ந்து நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அந்த ராயபுரம் ஸ்டேஷன். லடாக் மலையில் படபடவென்று ஏறும் புல்லட்டை 1955-லிருந்து இந்தியாவில் உருவாக்க ஆரம்பித்த இடம் திருவொற்றியூர். ஊட்டிக்கும் திருப்பதிக்கும் ஆளை ஏற்றிப் போகும் பஸ்ஸின் சேஸிஸ்? அசோக் லேலண்ட், எண்ணூர், 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கியது. பக்கத்திலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப்.; 1955-லிருந்து ரயில் பெட்டி, இப்போது வந்தே பாரத்.

ரயில், பைக், பஸ் மூன்றையும் செய்து அனுப்பும் ஊர்க்காரன் கடைசியாக எப்போது டூர் போனான்? கேட்டுப் பாருங்கள். "லீவா? வித்துட்டேன்பா" என்பார்.

விற்றுவிட்டாராம்! ஆமாம். ஈட்டிய விடுப்பு, அதாவது இ.எல்.லை எடுக்காமல் காசாக்கிக்கொள்வது. கவர்மெண்டு உத்தியோகத்தில் அதற்கு 'சரண்டர்' என்றே பெயர். போரில் தோற்றவன் செய்கிற காரியத்துக்கும் லீவை விற்பதற்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரோ. தமிழக அரசு ஊழியர் ஆண்டுக்கு 15 நாள் சரண்டர் செய்யலாம் என்றிருந்ததை 2020-ல் கொரோனா வந்தபோது நிறுத்திவைத்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல்தான் திரும்பக் கிடைத்தது. நடுவில் அத்தனை வருடமும் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அது இருந்துகொண்டே இருந்தது. ஜூன் மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியவருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நானும் கட்டியவன்தான், விற்றவன்தான். ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்போமே!

டூர் போவதற்கு முன்பே சந்தோஷம் வந்துவிடும், தெரியுமா?

நெதர்லாந்தில் யெரூன் நவைன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1,530 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். அதில் 974 பேர் லீவில் எங்கேயோ போய்வந்தவர்கள். 2010-ல் முடிவு வெளியானது. போய்வந்தவர்கள் போகாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். எப்போது? கிளம்புவதற்கு முன்னால்! திரும்பி வந்த பிறகு? பெரும்பாலானவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ரொம்ப ரொம்ப நிம்மதியாக லீவைக் கழித்தேன் என்று சொன்னவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

டச்சுக்காரர்களை விடுங்கள், எங்கள் தெருவில் வேன் பிடித்து மேல்மருவத்தூரும் திருப்பதியும் போகிற கோஷ்டியைப் பார்த்தாலே போதும். மாதம் முந்நூறு ரூபாய் என்று பத்து மாதம் கட்டுவார்கள். ஒரு நோட்டுப் புத்தகம், அதில் பேர் பேராகக் கோடு போட்டு டிக் அடித்திருக்கும். மூன்றாவது மாதத்திலேயே "ஜன்னல் சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று சண்டை ஆரம்பிக்கும். புளிசாதம் யார் கட்டுவது, வேனில் எந்தப் பாட்டு போடுவது, போன வருஷம் வாந்தியெடுத்த பையனை எங்கே உட்கார வைப்பது என்று குழாயடியில் பேசிப் பேசியே பத்து மாதம் ஓடிவிடும். போய்வருவது என்னவோ ஒன்றரை நாள். பத்து மாதச் சந்தோஷத்துக்கு மூவாயிரம் ரூபாய்! எந்த டிராவல்ஸ்காரன் கொடுப்பான்?

அடுத்ததைக் கேளுங்கள், இதுதான் தலைப்பில் இருக்கிற சங்கதி. ஜெஸ்ஸிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளர் 54 ஊழியர்களை நீண்ட லீவில் போகும்போது பின்தொடர்ந்தார். சராசரி 23 நாள் லீவு. போவதற்கு முன், போயிருக்கும்போது, வந்த பின் என்று தூக்கம், மனநிலை, களைப்பு எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். லீவு தொடங்கியதும் ஆரோக்கியமும் உற்சாகமும் கிடுகிடுவென ஏறின. எட்டாவது நாள் உச்சி. அதன்பிறகு ஏறவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது! 2013-ல் வெளியான ஆய்வு. இருபத்து மூன்று நாள் சேர்த்த சந்தோஷம் ஐந்தாறு ஷிப்டில் காலி.

அப்படியென்றால் லீவு எடுத்து என்ன பயன் என்று கேட்கிறீர்களா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். ராத்திரி தூங்கியதன் பலன் மறுநாள் சாயங்காலத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்காகத் தூக்கத்தை யாராவது விற்கிறார்களா? பலன் சீக்கிரம் தீருகிறது என்றால் அடிக்கடி எடுக்க வேண்டும் என்றுதானே அர்த்தம். மகள் கல்யாணத்துக்கு என்று ஆறு வருஷம் சேர்த்து வைத்து ஒரேயடியாக முப்பது நாள் எடுப்பவரைவிட, ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரு வாரம் எடுப்பவர் கெட்டிக்காரர்.

நெஞ்சுக்குள் இருக்கிற மோட்டாருக்கும் லீவு கணக்கு தெரியும்!

அமெரிக்காவில் மாரடைப்பு வர வாய்ப்புள்ள 12,338 நடுவயது ஆண்களை ஒன்பது வருடம் கவனித்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. அடிக்கடி லீவில் போனவர்கள் அந்த ஒன்பது வருடத்தில் செத்துப்போனது குறைவு. பின்லாந்தில், ஹெல்சிங்கியில், 1919-க்கும் 1934-க்கும் இடையே பிறந்த 1,222 ஆண்களை முப்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு டாக்டர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து, சிகரெட்டை விடு, நட, எண்ணெயைக் குறை என்று விடாமல் அறிவுரை சொன்னார்கள். அந்த அறிவுரைக் கோஷ்டிக்குள்ளேயே, ஆண்டுக்கு மூன்று வாரமோ அதற்குக் குறைவாகவோ லீவு எடுத்தவர்கள் 2004-க்குள் இறக்கும் வாய்ப்பு, கூடுதலாக எடுத்தவர்களைவிட 37 சதவீதம் அதிகம்! நல்ல அறிவுரை கேட்டும், லீவு இல்லாமல் பலன் இல்லை.

ஒரு சந்தேகத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லீவு எடுக்க முடிகிறவனுக்குக் காசும் இருக்கும், நல்ல முதலாளியும் இருப்பான், அதனாலேயே ஆயுசும் கூடியிருக்கலாம். லீவுதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் லீவை விற்றவன் நெஞ்சு நன்றாக இருந்தது என்று சொல்லும் ஆய்வு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

எல்லோரும் ஆம்பளைகளையே அளந்துகொண்டிருந்தால் எப்படி? வீட்டிலேயே வேலை பார்க்கும் பெண்களுக்கு லீவு என்று ஒன்று உண்டா? அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பெண்களை இருபது வருடம் கவனித்து 1992-ல் ஒரு முடிவு சொன்னார்கள். அபூர்வமாகவே விடுமுறையில் போன இல்லத்தரசிகளுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல்! இல்லத்தரசிக்கு ஏ ஷிப்ட் கிடையாது, பி ஷிப்ட் கிடையாது, மூன்றும் அவளுக்கேதான். அவள் லீவு லெட்டரை யாரிடம் கொடுப்பாள்?

எங்கள் பக்கத்துப் பெண்கள் அம்மனிடம் கொடுத்துவிட்டார்கள்! பௌர்ணமியன்று, அதுவும் வெள்ளிக்கிழமையில் வரும் பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று மூவரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது ஐதீகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மீஞ்சூர்ப் பக்கம் தொடங்கி அம்பத்தூரைத் தாண்டிப் போய்த் திரும்ப, ஒரு முழு நாள். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்க முடியாது. "சாமி விஷயம்" என்றால் மாமியாரும் வாய் திறக்க முடியாது. வழியில் கடலை, பஸ்ஸில் ஜன்னலோரம், கூட வந்தவளிடம் மனதில் கிடப்பதை எல்லாம் கொட்டித் தீர்க்க நேரம். ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் மடிமேல் மடியாக உட்கார்ந்து, பூக்கூடையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்த காட்சியை நான் தேரடியில் கண்டிருக்கிறேன். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய மூதாட்டி எவளோ, அவள்தான் வடசென்னையின் முதல் டூர் மேனேஜர்.

லீவில் போனால் காய்ச்சல் வருகிறவர்களும் உண்டு!

இது விளையாட்டில்லை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ் என்பவர் 2002-ல் சொன்னது: நூற்றில் சுமார் மூன்று பேருக்கு வேலை நாளில் ஒன்றும் ஆகாது, லீவு வந்தால் தலைவலி, உடம்புவலி, சளி எல்லாம் வந்துவிடும். வேலையை மனசிலிருந்து இறக்கத் தெரியாதவர்களுக்கு அப்படி ஆகிறதாம். எங்கள் பெரியப்பா ஒருத்தர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படுத்துவிடுவார், திங்கள்கிழமை சங்கு ஊதியதும் எழுந்துவிடுவார். பெரியம்மா சொல்வாள்: "ஆஸ்பத்திரிக்கு எதுக்கு, கம்பெனிக்கு அனுப்புங்க, சரியாயிடும்."

ஜெர்மனியின் சபீனே சொன்னன்டாக் என்ற உளவியலாளர் இதைத்தான் வருடக்கணக்காக ஆராய்கிறார். உடம்பு வெளியே வந்தால் போதாது, மனசும் கேட்டைத் தாண்ட வேண்டும். ரிலாக்ஸாக இருப்பது, புதிதாக ஒன்றைச் சாதிப்பது, என் நேரம் என் கையில் என்ற சுதந்திரம், இவையும் சேர்ந்தால்தான் களைப்பு இறங்குமாம். ராயபுரம், காசிமேட்டிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, 300 கிலோமீட்டருக்கு மேல்! பாதம் கொப்பளித்து, கட்டு போட்டுக்கொண்டு நடப்பவர் முகத்தைப் பாருங்கள். கால் போச்சு, மனசு வந்துவிட்டது. அதுவே, குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்றுகொண்டு ஷிப்ட் இன்சார்ஜ் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன போட்டார் என்று பார்ப்பவருக்கு, தண்ணீர் தலையில் விழுந்தும் பயனில்லை.

மீனுக்கு 61 நாள் லீவு, தெரியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரை நெடுக விசைப்படகு கடலுக்குள் போகக்கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, பிறகு 61 ஆகிவிட்டது. சட்டம் போட்டுக் காப்பாற்றும் பிரசவ லீவு மீனுக்கும் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

மே மாதம் காசிமேட்டுக்கு வாருங்கள். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகள். சிலதைக் கரையில் ஏற்றிச் சாய்த்து வைத்திருப்பார்கள். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற சத்தம் கர்ர், கர்ர் என்று காலையிலிருந்து கேட்கும். என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிச் சாக்கில் பரப்பி, டீசலில் கழுவிக்கொண்டிருப்பார் ஒருவர். நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை விட்டு எடுத்து முடிச்சு போடுவார் இன்னொரு பெரியவர். பேச்சு நம்மோடு, கண் எங்கேயோ, விரல் மட்டும் நிற்காது. புது பெயிண்ட் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்கும். ஆந்திராவிலிருந்து வந்து படகேறும் ஆட்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். நம் ஊர் ஆட்களுக்குக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான்.

"லீவு ஜாலியா இருக்கா அண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"லீவு மீனுக்கு தம்பி. போட்டுக்கு ரிப்பேரு. எனக்குக் கடனு."

தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு! இதை விடுமுறை என்று எந்த வாயால் சொல்வது? கையில் காசில்லாமல், நாள் தேர்ந்தெடுக்கும் உரிமையில்லாமல் சும்மா இருப்பதற்குப் பெயர் வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய டிரெய்லர்கள் வரிசையில் நின்றால், டிரைவர் வண்டிக்கு அடியில் துணி கட்டிப் படுத்திருப்பார். படுத்திருக்கிறார், ஓய்வில் இல்லை. எப்போது வரிசை நகரும் என்று காது விழித்துக்கொண்டிருக்கும். சொன்னன்டாக் அம்மையார் சொன்ன 'என் நேரம் என் கையில்' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது அந்த டிரெய்லர்களைப் பார்த்துத்தான்.

இன்னொரு வேடிக்கை. மணலி, எண்ணூர் பக்கம் பெரிய ஆலைகளில் 'ஷட் டவுன்' என்று ஒன்று வரும். சில வருடத்துக்கு ஒரு முறை யூனிட்டை நிறுத்தி, குளிரவிட்டு, திறந்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டம் போட்டு, தேதி குறித்து, ஆள் சேர்த்துச் செய்கிற காரியம். அந்த யூனிட்டின் லீவை யாராவது என்கேஷ் பண்ணி "இந்த வருஷம் வேண்டாம், காசா குடுத்துடுங்க" என்று கேட்பார்களா? வெடித்துவிடுமே! ஆயுத பூஜையன்று லேத்துக்கும் சந்தனம், குங்குமம், ஒரு நாள் ரெஸ்ட். ஓட்டுகிறவன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கலாமாம்.

அரை மணி நேரச் சோற்றுக்காக ஆரம்பித்த சங்கம்!

லீவு என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைத்தீர்களா? பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப உள்ளே வர அது போதவில்லை என்பது அவர்களின் முதல் குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் காதுகொடுத்துக் கேட்டார்கள். தலைமை தாங்க பி.பி. வாடியா வந்தார், துணைக்குத் திரு.வி.க. வந்தார். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் பெயர் வாங்கியது. சோற்றுக்கான சில நிமிடங்கள்!

ஐந்து வருடம் கழித்து, 1923 மே 1. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம். மீனவர் குடும்பத்தில் பிறந்த அந்த வக்கீல் அன்று வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இந்த நாளை விடுமுறையாக அறிவியுங்கள் என்பது! அதே மாதம் 11-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் வார விடுமுறை வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் தேதியைப் பார்த்தால் புல்லரிக்கிறது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாள் என ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு எந்தத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சட்டப்படி உண்டு.

ஆண்டு விடுப்பு வந்த கதை இன்னும் மெதுவானது. 1945-ல் திருத்தம் வந்து, வருடத்துக்கு 10 நாள் சம்பளத்தோடு லீவு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம். காண்ட்ராக்ட்டில் போகிறவருக்கு இது கிடையாது என்று கேட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள்; அந்தச் சட்டமே ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று மத்திய அரசு அறிவித்த புதிய தொகுப்புச் சட்டத்தில் 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்தி. அதே சட்டம், வருடக் கடைசியில் கேட்டால் லீவைக் காசாக வாங்கிக்கொள்ளும் உரிமையும் கொடுத்திருக்கிறது. இது நல்ல செய்தியா? பீஸ் கட்டும் மாதத்தில் ஆமாம். உடம்பைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் டூர் ரகசியம் தெரியும்!

டேனியல் கானமன், 2002-ல் நோபல் வாங்கியவர். 1993-ல் அவரும் கூட்டாளிகளும் செய்த சோதனை இது. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் அறுபது விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை, அதே அறுபது விநாடியோடு இன்னும் முப்பது விநாடி, ஆனால் அந்தக் கடைசி முப்பதில் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடாக்கப்பட்டது. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது 32 பேரில் 22 பேர் நீளமானதையே கேட்டார்கள்! அதிக நேரம் வலித்ததைப் போய்! மனசு நேரத்தை எண்ணுவதில்லை; உச்சத்தையும் முடிவையும்தான் முடிந்துவைத்துக்கொள்கிறது.

ஆகவே பத்து நாள் சுற்றிவிட்டு, கடைசி ராத்திரி அன்ரிசர்வ்டில் கழிவறைக் கதவோரம் நின்றுகொண்டு வந்து, காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்டில் கார்டு அடிப்பவருக்கு மூளையில் பதிவது கதவோரம்தான். ஒரு நாள் முன்னால் திரும்புங்கள். குளித்துவிட்டு, ரசம் சோறு சாப்பிட்டு, மதியம் தூங்குங்கள். அந்தத் தூக்கம் டூரின் கடைசிக் காட்சி ஆகட்டும்.

காசே இல்லையா? அதற்கும் வழி உண்டு! அமெரிக்காவில் கேஸி மொகில்னர் ஹோம்ஸும் கூட்டாளிகளும் முழுநேர ஊழியர்களில் ஒரு பாதிப் பேரிடம், "இந்த வாரக்கடைசியை விடுமுறை மாதிரி நினைத்துக் கழியுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். மற்றவர்களிடம் வழக்கம்போல இருங்கள் என்றார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை, காசு கொடுக்கவில்லை. விடுமுறை மாதிரி கழித்தவர்கள் திங்கள்கிழமை வேலைக்கு வந்தபோது கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, செய்கிற காரியத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள், அவ்வளவே.

2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகரிலேயே மெட்ரோ ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள், விமான நிலையம் வரை போங்கள், விமானம் இறங்குவதைக் காட்டுங்கள், திரும்பி வந்து காசிமேட்டு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் உத்தமம்.

கடைசியாக ஒன்று. சம்பளச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைக்கும் முன் கீழ்ப்பக்கம் பாருங்கள், 'இ.எல். பேலன்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். விற்க வேண்டியிருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். எட்டு நாளை மட்டும் விற்காமல் எடுத்து வையுங்கள்.